மீளச் சரிபார்த்தலும் நினைவு நம்பிக்கையும்

நினைவு நம்பிக்கை என்பது, ஒருவர் தம் நினைவில் உள்ள ஒரு செய்தி உண்மையிலேயே நடந்தது என்று எந்த அளவுக்கு உறுதியாகக் கருதுகின்றார் என்பதைக் குறிக்கும் உளவியல் கருத்தாகும். நினைவின் சரித்தன்மையும் நினைவு நம்பிக்கையும் வெவ்வேறானவை. ஒரு நிகழ்வைச் சரியாக நினைவில் வைத்திருக்கும் ஒருவர் அந்நினைவை நம்பாமல் இருக்கலாம். தவறாக நினைவில் வைத்திருக்கும் மற்றொருவர் முழு உறுதியோடு பேசலாம்.

இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று, பூட்டு, அடுப்பு, மின்விசை முதலியவற்றைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் கட்டாயம் உடையவர்களின் நிலை ஆகும். இவர்களுள் பலர் தமக்கு ஞாபக மறதி இருப்பதாகவே கருதுகின்றனர். ஆனால் 1980-கள் முதல் நடைபெற்றுவரும் ஆய்வுகள், இவர்களது நினைவாற்றல் பெரும்பாலும் பழுதின்றி இருப்பதையும், அந்நினைவின் மீதுள்ள நம்பிக்கையே குறைந்திருப்பதையும் காட்டுகின்றன. மேலும், சரிபார்க்கும் செயலே அந்நம்பிக்கையைக் குறைக்கின்றது என்பதும் சோதனைகள் மூலம் நிறுவப்பட்டுள்ளது.

சரிபார்க்கும் கட்டாயம்

சரிபார்க்கும் கட்டாயம் எண்ணச் சுழற்சி நோயின் பொதுவான வடிவங்களுள் ஒன்று. ஓ.சி.டி. என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படும் இந்நோய் இரு கூறுகளைக் கொண்டது. விரும்பாமலே மீண்டும் மீண்டும் மனத்தில் நுழைந்து அச்சத்தையோ அருவருப்பையோ ஐயத்தையோ எழுப்பும் எண்ணங்கள் முதற் கூறு. அவ்வெண்ணங்கள் தரும் கலக்கத்தைத் தணிக்கச் செய்தே தீரவேண்டும் எனத் தோன்றும் செயல்கள் இரண்டாம் கூறு. கழுவுதல், எண்ணுதல், அடுக்கி ஒழுங்குபடுத்துதல், சரிபார்த்தல் ஆகியன இத்தகைய செயல்களுட் சில.

பொதுவாகச் சரிபார்க்கப்படுபவை:

* வாயிற்கதவின் பூட்டு, தாழ்ப்பாள், சன்னல்
* எரிவாயு அடுப்பின் திருகு, சிலிண்டரின் ரெகுலேட்டர்
* தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, மின்விசைகள்
* வண்டி ஓட்டிவந்த பாதை (எவரையேனும் இடித்துவிட்டோமோ எனத் திரும்பிச் சென்று பார்த்தல்)
* தேர்வு விடைத்தாளில் எழுதிய பதிவெண், பணம் அனுப்பிய கணக்கு எண், கையெழுத்திட்ட படிவம்

வெளியூர் செல்லுமுன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நோயாகாது. அது நல்ல பழக்கமே. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இத்தகைய எண்ணங்களோ செயல்களோ நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்போது, அல்லது குறிப்பிடத்தக்க மனத்துன்பத்தையோ வாழ்க்கைப் பணிகளில் இடையூற்றையோ உண்டாக்கும்போதே அதனை நோயாகக் கொள்கின்றது.

எண்ணங்களைப் பொறுத்தவரை நோயுடையவருக்கும் ஏனையோருக்கும் இடையே உள்ள எல்லை மெல்லியது. இலங்கையரான உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நோயற்றவர்களுக்கும் இதே போன்ற வேண்டா எண்ணங்கள் தோன்றுவதைக் காட்டியது. உள்ளடக்கத்தில் இரண்டும் ஒத்திருந்தன. நோயுடையவர்களிடம் அவை அடிக்கடி தோன்றின, நெடுநேரம் நீடித்தன, மிகுந்த கலக்கத்தைத் தந்தன. புறந்தள்ளவும் கடினமாக இருந்தன.

எடுத்துக்காட்டு

கீழ்வருவது விளக்கத்துக்காகப் புனையப்பட்ட நிலை. செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூரில் வசித்து, நாள்தோறும் பேருந்தில் கேளம்பாக்கம் சென்று பணிபுரியும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒருநாள் காலை வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபின், பூட்டினோமா என்ற ஐயம் அவருக்கு எழுகின்றது. திரும்பிச் சென்று பார்க்கின்றார். கதவு பூட்டியே இருக்கின்றது. மனம் அமைதியடைகின்றது.

மறுநாள் ஐயம் வருமுன்னரே பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கின்றார். சில வாரங்களில் அது பத்து முறையாகின்றது. அடுப்பும் ரெகுலேட்டரும் பட்டியலில் சேர்கின்றன. வழக்கமான பேருந்து தவறுகின்றது. பணியிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா, நான் அடுப்பை அணைச்சேன் இல்ல?" என்று தாயிடம் கேட்கின்றார். "அணைச்சுட்டப்பா, நான் பார்த்தேன்" என்ற விடை அரைமணி நேரத்துக்குப் போதுமானதாக இருக்கின்றது. பின்னர் மீண்டும் அழைக்கின்றார்.

தமக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவுசெய்து, நினைவாற்றலைப் பெருக்கும் என விற்கப்படும் மருந்துகளை வாங்கி உண்கின்றார். இந்நிலையில் இரண்டு வினாக்கள் பயன்படும். இதுவரை திரும்பிச் சென்று பார்த்தபோது எத்தனை முறை கதவு திறந்திருந்தது என்பது முதல் வினா. ஒருமுறையும் இல்லை என்பதே அவரது விடை. பணியிடத்தில் வாடிக்கையாளர் விவரங்களையோ முந்தைய நாள் பேச்சுகளையோ மறக்கின்றாரா என்பது இரண்டாம் வினா. அதற்கும் விடை இல்லை என்பதே. அப்படியாயின், பூட்டையும் அடுப்பையும் மட்டும் தேர்ந்து தாக்கும் மறதி எத்தகையது என்ற கேள்வி எழுகின்றது. இக்கட்டுரையின் பொருள் அக்கேள்வியே.

கருத்தின் வரலாறு

ஐயம் இந்நோயின் நடுநாயகமான கூறு என்பது பழங்காலந்தொட்டே மருத்துவர்களால் உணரப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை 'ஐயப் பித்து' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். லெகிரான் து சோல் என்னும் மருத்துவர் 1875 ஆம் ஆண்டில் அப்பெயரிலேயே நூலொன்றை வெளியிட்டார்.

இந்த ஐயத்தின் காரணம் என்ன என்ற வினாவுக்கு எளிதாகத் தோன்றிய விடை, நினைவுக் குறைபாடு என்பதாகும். செய்த செயல் நினைவில் பதியாததாலோ, செய்ததற்கும் செய்வதாகக் கற்பனை செய்ததற்கும் வேறுபாடு தெரியாததாலோ ஒருவர் திரும்பிச் சென்று பார்க்கின்றார் என்று கருதப்பட்டது. கென்னத் ஷெர் முதலியோர் 1983 ஆம் ஆண்டில் மாணவர்களிடையே செய்த ஆய்வு இதற்கு ஓரளவு ஆதரவு தந்தது. சரிபார்க்கும் பழக்கம் மிகுந்த மாணவர்கள், ஆய்வின்போது தாம் செய்த செயல்களைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். ஆனால் அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் இருந்தது. நடந்ததையும் கற்பனை செய்ததையும் பிரித்தறியும் தம் திறனை அம்மாணவர்கள் உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வுகள் இந்த இரண்டாம் செய்தியையே பின்தொடர்ந்தன.

நினைவுக் குறைபாட்டுக் கோட்பாட்டின் மீதான சோதனைகள்

ரிச்சர்ட் மெக்நாலியும் பேட்ரிசியா கோல்பெக்கும் 1993 ஆம் ஆண்டில், எண்ணச் சுழற்சி நோயுடையவர்கள் செய்த செயலையும் செய்ததாகக் கற்பனை செய்த செயலையும் பிரித்தறிகின்றனரா என ஆராய்ந்தனர். நோயுடையவர்கள் ஏனையோரைப் போன்றே சரியாகப் பிரித்தறிந்தனர். தம் விடைகள் மீது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை மட்டும் குறைவாக இருந்தது.

டேவிட் டோலின் தலைமையிலான குழு 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நம்பிக்கையின் இறக்கத்தைக் கண்ணெதிரே காட்டியது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை, இரண்டுமல்லாதவை எனத் தோன்றும் பொருள்கள் பலமுறை காட்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் எவற்றைக் கண்டார்கள் என்றும், எவ்வளவு உறுதியாக இருக்கின்றார்கள் என்றும் கேட்கப்பட்டது. நினைவின் அளவில் குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. ஆனால் எண்ணச் சுழற்சி நோயுடையவர்களிடம், பாதுகாப்பற்றவை எனத் தோன்றிய பொருள்களைப் பற்றிய நம்பிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே சென்றது. அதே ஆண்டில் ஆடம் ராடோம்ஸ்கி, ராக்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இவர்கள் ஆபத்தோடு தொடர்புடைய செய்திகளை நன்கு நினைவில் கொண்டிருப்பதையும், பொறுப்பு தம்மேல் இருக்கும்போது நம்பிக்கை குறைவதையும் காட்டியது.

நினைவுக் குறைபாடு அறவே இல்லை என்று கூறுவதும் மிகையாகும். கரோல் வுட்ஸ் முதலியோர் 2002 ஆம் ஆண்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, சில வகைச் சோதனைகளில் சிறிய அளவு முதல் நடுத்தர அளவு வரையிலான குறைவு காணப்பட்டது. சிக்கலான உருவங்களைப் பார்த்து நினைவிலிருந்து வரையும் சோதனை இவற்றுள் ஒன்று. கேரி சேவேஜ் குழுவினர் 1999 ஆம் ஆண்டில், இக்குறைவு பெரும்பாலும் உருவத்தைப் பகுதிகளாக ஒழுங்குபடுத்திப் பார்க்கும் முறையில் உள்ள இடர்ப்பாட்டால் வருவது எனக் காட்டினர். அடுப்பை அணைத்தோமா என்பதை மறக்கச் செய்யும் அளவுக்கு இது பெரிய குறைபாடு அன்று.

அடுப்புச் சோதனை

இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது, நெதர்லாந்து உளவியலாளர்களான மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கின்ட் ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வாகும். அதுவரை கேட்கப்பட்ட வினா, நம்பிக்கைக் குறைவு சரிபார்த்தலை உண்டாக்குகின்றதா என்பது. இவர்கள் அதனைத் திருப்பிப் போட்டனர். சரிபார்த்தல் நம்பிக்கைக் குறைவை உண்டாக்குகின்றதா எனக் கேட்டனர்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் நோயற்ற மாணவர்கள். கணினித் திரையில் தோன்றும் எரிவாயு அடுப்பின் குறிப்பிட்ட திருகுகளைத் திறந்து, மூடி, மூடியவற்றைச் சரிபார்ப்பது அவர்களுக்குத் தரப்பட்ட பணி. முதன்முறை முடிந்தவுடன், எந்தத் திருகுகளைச் சரிபார்த்தனர் என்பதும், அந்நினைவு எவ்வளவு தெளிவானது, எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் கேட்கப்பட்டன. பின்னர் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு அடுப்பையே இருபது முறை சரிபார்த்தது. மற்றக் குழு மின்விளக்குகளை இருபது முறை சரிபார்த்தது. இறுதியில் இரு குழுக்களும் அடுப்பை ஒருமுறை சரிபார்த்து, முன்பு கேட்ட அதே வினாக்களுக்கு விடையளித்தன.

இறுதிமுறையில் எந்தத் திருகுகளைச் சரிபார்த்தோம் என்ற விடையை இரு குழுவினரும் சரியாகவே கூறினர். ஆனால் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த குழுவினரின் நினைவு மங்கலாகவும் நுணுக்கம் குறைந்தும் இருந்தது. அதன் மீதான நம்பிக்கையும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மின்விளக்குகளைச் சரிபார்த்த குழுவிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, சோர்வோ நேரமோ இதற்குக் காரணம் என்று கூற இயலாது. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் சரிபார்த்ததே காரணம் என்பது தெளிவாயிற்று.

கணினித் திரையில் உள்ள அடுப்பு உண்மையான அடுப்புக்கு ஈடாகுமா என்ற ஐயத்தைத் தீர்க்க, கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் ராடோம்ஸ்கி குழுவினர் சமையலறை ஒன்றில் உண்மையான அடுப்பைக் கொண்டு இச்சோதனையைச் செய்தனர். 2006 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்விலும் நினைவின் தெளிவும் நம்பிக்கையும் குறைந்தன. ஒப்பீட்டுக்காகத் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்தவர்களிடம் அத்தகைய இறக்கம் இல்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்விளைவு தோன்ற இருபது முறை தேவையில்லை, பத்துக்கும் குறைவான முறைகளிலேயே தொடங்கக்கூடும் எனக் காட்டியது. எண்ணச் சுழற்சி நோயுடையவர்களிடமும் இதே விளைவு காணப்படுவது பின்னர் உறுதிசெய்யப்பட்டது.

நம்பிக்கை குறைவதன் காரணம்

இவ்விளைவுக்குத் தரப்படும் விளக்கத்தை அன்றாட வாழ்க்கையிலிருந்து அறியலாம். நாள்தோறும் காலையில் வாயிலில் கோலமிடும் ஒருவரிடம், சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை புள்ளி வைத்த காட்சியை நினைவுகூரச் சொன்னால் அவரால் இயலாது. கோலமிட்டது உறுதி. ஆனால் அந்த ஒரு நாளின் காட்சி ஏனைய நாள்களின் காட்சிகளோடு கலந்துவிட்டது. வெளியூர்த் திருமணம் ஒன்றில் ஒரே ஒருமுறை இட்ட கோலமோ பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்கும்.

திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல் மனத்துக்கு மிகவும் பழகிவிடுகின்றது. பழகிய செயலின் நிறம், ஒலி, தொடு உணர்வு ஆகியவற்றில் கவனம் நிற்பதில்லை. 'சரிபார்த்தல்' என்ற பொதுக் கருத்தாகவே அது மனத்தில் பதிகின்றது. எனவே பின்னர் நினைவுகூரும்போது காட்சி மங்கலாகத் தோன்றுகின்றது. நினைவு தெளிவாக இருந்தால் அது உண்மை, மங்கலாக இருந்தால் ஐயத்துக்குரியது என்று மதிப்பிடுவது மனித இயல்பு. ஆகவே மங்கிய நினைவு நம்பிக்கையை இழக்கின்றது.

எண்டெல் டல்விங் 1985 ஆம் ஆண்டில் முன்வைத்த வேறுபாடு இங்குப் பயன்படுகின்றது. ஒரு நிகழ்வை மீண்டும் கண்முன் காண்பதுபோல் நினைவுகூர்வது ஒரு வகை. காட்சி ஏதுமின்றி, அது நடந்தது என்று அறிந்திருப்பது மற்றொரு வகை. மீளச் சரிபார்த்தல் நினைவை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்த்துகின்றது என்பது அடுப்புச் சோதனைகளின் முடிவு. பெரும்பாலானோர்க்கு இரண்டாம் வகையே போதும். பல் துலக்கியதை எவரும் கண்முன் கண்டு உறுதிசெய்வதில்லை. சரிபார்க்கும் கட்டாயம் உடையவர் அடுப்பைப் பொறுத்தவரை முதல் வகையை வேண்டிநிற்கின்றார். அதனைப் பெற மீண்டும் சரிபார்க்கின்றார். ஒவ்வொரு முறையும் அது மேலும் விலகிச் செல்கின்றது.

பொறுப்புணர்வும் சுழற்சியும்

ராக்மன் 2002 ஆம் ஆண்டில் சரிபார்க்கும் கட்டாயத்துக்கான அறிதல்சார் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்படி மூன்று கூறுகள் சரிபார்த்தலைத் தூண்டுகின்றன.

* தீங்கு நேர்வதைத் தடுக்கும் பொறுப்பு தம்முடையதே என்ற மிகையான உணர்வு
* தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதி என்ற மதிப்பீடு
* நேரக்கூடிய தீங்கு மிகக் கடுமையானது என்ற மதிப்பீடு

இக்கூறுகள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. வீட்டில் வேறொருவர் இருந்து கதவைப் பூட்டும்போது ஐயம் எழாததும், தனியே வெளியேறும்போது அது எழுவதும் இதனால் விளங்கும். சரிபார்த்தல் முடிவுக்கு வராமைக்கும் இக்கோட்பாடு விளக்கம் தருகின்றது. கதவு பூட்டியிருப்பதைக் கண்டபின்னும், இனிமேல் தீங்கு நேராது என்பதற்கு உறுதி கிடைப்பதில்லை. வருங்காலம் பற்றிய உறுதியை எந்தச் சரிபார்த்தலும் தர இயலாது. இதற்கிடையே நினைவு நம்பிக்கை குறைகின்றது. கவனமாக இருக்க வேண்டியவர் தாமே என்ற உணர்வு மிகுகின்றது. சுழற்சி மீண்டும் தொடங்குகின்றது.

நினைவைப் பற்றிய நம்பிக்கை மட்டுமே இச்சுழற்சியைத் தொடங்கப் போதுமானது என்பதும் காட்டப்பட்டுள்ளது. ஜிலியன் அல்கொலாடோவும் ராடோம்ஸ்கியும் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு நினைவாற்றல் தேர்வு வைத்து, அவர்கள் உண்மையில் பெற்ற மதிப்பெண்ணைக் கருதாமல் சிலரிடம் நினைவாற்றல் மிகுதி என்றும் சிலரிடம் குறைவு என்றும் கூறினர். குறைவு என்று கூறப்பட்டவர்களிடம் சரிபார்க்கும் உந்துதல் மிகுதியாக இருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் ஒரு பிள்ளையை 'மறதிக்காரன்' என்று ஓயாமல் அழைப்பது வெறும் கேலியாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

மறதி நோயுடன் வேறுபாடு

சரிபார்க்கும் கட்டாயத்தையும் முதுமையில் தோன்றும் மறதி நோயையும் ஒன்றெனக் கொள்வது பரவலாக உள்ள தவறு. இவற்றின் முதன்மையான வேறுபாடுகள் பின்வருமாறு:

* மறதி நோயில் நிகழ்ச்சியே நினைவிலிருந்து மறைகின்றது. சரிபார்க்கும் கட்டாயத்தில் நிகழ்ச்சி நினைவில் உள்ளது, அது நம்பப்படுவதில்லை.
* மறதி நோய் உடையவர் பல வேளைகளில் தம் மறதியை உணர்வதில்லை. அவருடைய குடும்பத்தாரே முதலில் கவனிக்கின்றனர். சரிபார்க்கும் கட்டாயம் உடையவர் தாமே மறதியைப் பற்றி மிகுதியாக முறையிடுகின்றார்.
* மறதி நோய் பேச்சு, வழி, பெயர், பணம் எனப் பலவற்றையும் தாக்குகின்றது. சரிபார்க்கும் கட்டாயம், தீங்கும் பொறுப்பும் இணைந்த சில பொருள்களை மட்டும் சுற்றி நிற்கின்றது.
* மறதி நோயில் அடுப்பு உண்மையிலேயே எரிந்துகொண்டிருக்கக் காணலாம். சரிபார்க்கும் கட்டாயத்தில் அது ஏறக்குறைய எப்போதும் அணைந்தே இருக்கின்றது.

முதியவர் ஒருவர் முதன்முறையாக இத்தகைய பழக்கத்தைக் காட்டினாலோ, பழகிய வழியையோ அண்மைய நிகழ்ச்சிகளையோ மறக்கத் தொடங்கினாலோ, மருத்துவரின் ஆய்வு இன்றியமையாதது.

பணியிடச் சரிபார்த்தலுடன் ஒப்பீடு

வானூர்தி ஓட்டுதல், அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் சரிபார்ப்புப் பட்டியல்கள் கட்டாயமாக உள்ளன. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங் நிறுவனத்தின் முன்மாதிரி வானூர்தி ஒன்று, பூட்டு ஒன்றை விடுவிக்காமல் மேலெழுப்பப்பட்டதால் விழுந்து நொறுங்கியதை அடுத்து இம்முறை பரவியது. இங்குச் சரிபார்த்தல் பயன் தருவதற்குக் காரணங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு முறையே சரிபார்க்கப்படுகின்றது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. முடிந்தது என்பதற்குப் பட்டியலே சான்று. 'மனத்துக்கு நிறைவாகும்வரை' என்ற அளவுகோல் அதில் இல்லை. சரிபார்க்கும் கட்டாயத்திலோ நிறுத்துவதற்கான அளவுகோல் அந்த மனநிறைவே ஆகும். அது கிடைக்காததால் செயலும் முடிவதில்லை.

அணைத்த அடுப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. இயல்பான மறதி உடையவருக்கு இது உதவலாம். கட்டாயம் உடையவருக்கோ, இப்படம் இன்று எடுத்ததா, படமெடுத்தபின் திருகைத் தொட்டோமா என ஐயம் படத்தின் மீது தாவுவது இயல்பு. அப்போது படத்தைப் பார்ப்பதே புதிய சரிபார்த்தலாகிவிடுகின்றது.

சிகிச்சை

இந்நோய்க்குப் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன. இலண்டனில் விக்டர் மேயர் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட முன்னோடிப் பணியிலிருந்து வளர்ந்த 'எதிர்கொண்டு செயல் தவிர்த்தல்' என்னும் நடத்தைச் சிகிச்சை இவற்றுள் முதன்மையானது. ஐயத்தை எழுப்பும் நிலையை நோயாளர் படிப்படியாக எதிர்கொள்கின்றார். ஆனால் வழக்கமான சரிபார்த்தலைச் செய்யாமல் இருக்கின்றார். எடுத்துக்காட்டில் கூறப்பட்டவர், பூட்டை ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் பேருந்து ஏறுவார். தொடக்கத்தில் பதற்றம் மிகும். சரிபார்க்காமலே அது தணிவதை அவர் பலமுறை பட்டறிகின்றார்.

நினைவு நம்பிக்கை ஆய்வுகள் இச்சிகிச்சைக்கு ஒரு புதிய கருவியைத் தந்துள்ளன. நோயாளர் ஒருநாள் வழக்கம்போல் பலமுறையும், மறுநாள் ஒரே ஒருமுறையும் சரிபார்த்து, ஒவ்வொரு நாளும் தம் நம்பிக்கையை நூற்றுக்கு எத்தனை என எழுதிவருகின்றார். பலமுறை சரிபார்த்த நாள்களில் உறுதி மிகும் என்று எதிர்பார்த்தவர், ஒருமுறை சரிபார்த்த நாள்களில் நினைவு தெளிவாக இருப்பதைத் தம் எழுத்திலேயே காண்கின்றார். நினைவைப் பற்றிய தவறான நம்பிக்கைகளை நேரடியாக மாற்றும் குறுகிய சிகிச்சை முறையொன்றை அல்கொலாடோவும் ராடோம்ஸ்கியும் 2016 ஆம் ஆண்டில் சோதித்து, நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர்.

மருந்துகளுள் ஃபுளுவாக்செட்டின், ஃபுளுவாக்சமின், செர்ட்ராலின் முதலியனவும், குளோமிப்ரமினும் பயன்படுத்தப்படுகின்றன. இவை பயன் தரப் பல வாரங்கள் ஆகலாம். மருத்துவரின் மேற்பார்வையிலேயே இவற்றைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டும். நினைவாற்றலைப் பெருக்கும் என விற்கப்படும் பொருள்கள் இந்நோய்க்குரிய சிகிச்சை அல்ல. குறைந்திருப்பது நினைவாற்றல் இல்லையாதலால், அதனைப் பெருக்கும் முயற்சி நோயின் மையத்தைத் தொடுவதில்லை. உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே அதனால் நேரும் பெருங்கேடு.

குடும்பத்தாரின் பங்கு

"பூட்டியாச்சா?" என்று நோயாளர் திரும்பத் திரும்பக் கேட்பதும் சரிபார்த்தலின் ஒரு வடிவமே. இங்கு அவர் கையால் பூட்டை இழுப்பதற்குப் பதிலாக மற்றொருவரின் சொல்லை இழுத்துப் பார்க்கின்றார். ஒவ்வொரு முறையும் அன்போடு விடையளிக்கும் தாயோ துணைவரோ, அறியாமலே சுழற்சிக்குத் துணைபோகின்றனர். எரிச்சலுற்றுத் திட்டுவதும் பயன் தராது. அது பதற்றத்தை மிகுவிக்கின்றது. உளவியலாளரின் வழிகாட்டுதலுடன், ஒருமுறை மட்டும் விடையளிப்பது, அதன்பின் "இது அந்த ஐயம்தான், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சொற்களைக் கூறுவது ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன.

தேர்வு எழுதும் மாணவர்களிடம் இந்நோய் கவனமின்மையாகவோ மெத்தனமாகவோ தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. பதிவெண்ணையும் எழுதிய வரிகளையும் மீண்டும் மீண்டும் சரிபார்ப்பதால் வினாத்தாள் முடியுமுன் நேரம் முடிந்துவிடுகின்றது. விடை தெரிந்தும் எழுத முடியாமற் போன மாணவர், தாம் படித்தது நினைவில் இல்லை என்றே நம்பத் தொடங்குகின்றார். இந்நோய் பலருக்கும் சிறு பருவத்திலோ இளமையிலோ தொடங்குவதால் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் பயன் தரும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறக்குறைய 0.8 விழுக்காட்டினருக்கு எண்ணச் சுழற்சி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. நிம்ஹான்சில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகின்றது.

தமிழ்நாட்டின் மிகப் பழைமையான மனநல மருத்துவமனை, 1794 ஆம் ஆண்டில் தோற்றம் பெற்றுச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகம் ஆகும். ஆனால் சரிபார்க்கும் கட்டாயம் உடையவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்கத் தேவையில்லை. புறநோயாளராகவே சிகிச்சை பெறலாம். 2019 ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது திருப்போரூர் வட்டாரம். 1965 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கேளம்பாக்கத்தில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இவ்வட்டாரத்தினர் அணுகக்கூடிய தொலைவில் உள்ளன. 1993 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் என்னும் தொண்டு நிறுவனம், கோவளத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களில் மனநலப் பணிகளை மேற்கொண்டுள்ளது. நடுவண் அரசு 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அணுகலாம்.

தொலைவைவிடப் பெரிய தடை, எதற்காக மருத்துவரிடம் செல்வது என்பது தெரியாமை ஆகும். பூட்டை இழுத்துப் பார்ப்பவரை ஊரார் கவனமானவர் என்று பாராட்டலாம், அல்லது மறதிக்காரர் என்று நகைக்கலாம். இரண்டிலும் நோய் மறைந்துவிடுகின்றது.

வரையறைகள்

மேற்கண்ட முடிவுகள் சரிபார்க்கும் கட்டாயம் முழுவதையும் விளக்கிவிடுவதில்லை. அடுப்புச் சோதனைகளில் பங்கேற்ற மாணவர்களின் நம்பிக்கை குறைந்தாலும் அவர்கள் நோயாளராகிவிடவில்லை. எனவே நம்பிக்கைக் குறைவு நோயை நீடிக்கச் செய்யும் காரணமாகவே கருதப்படுகின்றது. நோய் முதலில் தோன்றுவதில் மரபுக் கூறுகள், மூளையின் செயற்பாடு, பொறுப்புணர்வு, வாழ்க்கை நிகழ்ச்சிகள் எனப் பலவும் பங்குகொள்கின்றன. உறுதியின்மையைத் தாங்க இயலாமை, 'இன்னும் நிறைவாகவில்லை' என்ற உணர்வு ஆகியவற்றின் பங்கும் ஆராயப்பட்டு வருகின்றது. நம்பிக்கைக் குறைவு நினைவோடு நிற்காமல், கண்ணால் கண்டதன் மீதும் தம் கவனத்தின் மீதும் பரவுவதை டிர்க் ஹெர்மன்ஸ் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும், பூட்டை ஒருமுறை பூட்டியவருக்குள்ள நினைவு பத்துமுறை இழுத்துப் பார்த்தவரின் நினைவைவிடத் தெளிவானது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்ட முடிவாகும். அதனால், சரிபார்த்தலைக் குறைப்பது கவனக்குறைவாக இருக்கக் கற்பிப்பது எனப் பொருள்படாது. நோயாளர் இழந்துவிட்டதாகக் கருதும் நினைவை அவருக்குத் திருப்பித் தரும் வழியாகவே அது சிகிச்சையில் கருதப்படுகின்றது.